புறக்கோட்டைத் தெருவைப் பத்திக்கில் வரைய: முதல் துணிக்கு ஒரு வழிகாட்டி

கொழும்பில் பத்திக், அதாவது மெழுகால் மறைத்துச் சாயமிட்டுத் துணியில் படம் வரைவது, என்றதும் பலருக்கு நினைவில் வருவது யானை, கண்டி நடனக்காரர், கடலுக்குள் நட்ட கம்பில் இருந்து மீன் பிடிப்பவர். உல்லாசப் பயணிகள் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போகும் படங்கள். நான் அவற்றைக் குறை சொல்ல வரவில்லை. யானையின் முதுகுக் கோட்டை ஒரே இழுப்பில் மெழுகால் போடுகிற கை எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆனால் வெள்ளவத்தையில் 100ஆம் இலக்கப் பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கினால் நான் பார்ப்பது யானையை அல்ல. மூட்டை அடுக்கிய கைவண்டியை ஒரு நாட்டாமி முன்னால் இழுக்க, இன்னொருவர் பின்னால் தோள் கொடுத்துத் தள்ளுவதை. கடை வாசலில் தொங்கும் சேலைகளைக் குனிந்து கடக்கும் பெண்ணை. லொத்தர்ச் சீட்டுத் தட்டின் நிழலில் குந்தியிருக்கும் பெரியவரை. இவர்களைத் துணியில் கொண்டுவர விரும்பும், இதுவரை மெழுகு உருக்கியே இராத ஒருவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

சிலர் இதைப் 'பற்றிக்' என்றும் எழுதுவார்கள். மெழுகு தொட்ட இடத்தில் சாயம் பற்றாது, தொடாத இடத்தில் பற்றும் என்பதுதான் முழு வித்தையும் என்பதால் அந்த எழுத்தும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இந்தக் கலையின் பெரிய வீடு யாவா. இந்தோனேசியப் பத்திக் 2009இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் சேர்ந்தது. இலங்கையில் இதற்கு இன்றைய முகத்தைக் கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஏனா டி சில்வா. 1960களில் கொழும்பில் பட்டறை நடத்தி, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்களுக்குக் கொடிகளும் கூரைத் துணிகளும் செய்தார். பெந்தோட்டை ஹோட்டலின் வரவேற்பு மண்டபக் கூரை அவருடைய பத்திக்கால் நிறைந்தது. அதைப் பார்த்த பிறகு, பத்திக் என்றால் சுவரில் மாட்டும் சின்னத் துணி என்ற எண்ணம் போய்விடும்.

முதலில் பார்க்கப் பழகுங்கள்

கன்வஸில் வரைகிறவர் கடைசியில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்துக் கண்ணுக்கு ஒளி கொடுக்கலாம். நமக்கு அது முடியாது. சாயம் கண்ணாடி போன்றது. ஒன்றின் மேல் ஒன்று போட்டால் கருமை கூடுமே தவிர வெளுக்காது. ஆகவே எது வெள்ளையாக நிற்கப் போகிறது என்பதை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். அதை மெழுகால் மூடிய பிறகுதான் முதல் சாயம். அதில் எது அப்படியே நிற்க வேண்டுமோ அதை மூடிவிட்டு இரண்டாவது சாயம். இப்படியே வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகிறோம்.

தெருவில் நிற்கும்போதே இதைப் பழகலாம். பென்சிலை எடுக்க வேண்டாம். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, எது எல்லாவற்றையும் விட வெளிச்சம், அடுத்தது எது, கடைசியில் எது வெறும் இருட்டு என்று மட்டும் பாருங்கள். மத்தியான வெயில் நேரம் இதற்கு நல்லது. வெளிச்சமும் நிழலும் கத்தியால் வெட்டினதுபோலப் பிரிந்து நிற்கும். பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடை வண்டிகள் அழகுதான், ஆனால் அந்த மங்கல் ஒளி முதல் துணிக்குச் சரிவராது.

நான் சொல்லும் காட்சி இரண்டாம் குறுக்குத் தெரு. அங்குள்ள ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசல், எல்லோரும் சிவப்புப் பள்ளி என்பது, 1908இல் கட்டத் தொடங்கியது. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக அது நிற்பதைப் பார்த்தால், பத்திக் கற்றுக்கொடுக்கவே யாரோ கட்டிவிட்டதுபோல இருக்கும். வெள்ளைப் பட்டைக்கு மெழுகு, மற்றப் பட்டை சிவப்புக்கு. முன்னால் கைவண்டி, இரண்டு ஆட்கள், நாலைந்து மூட்டை. போதும். பஸ், ஓட்டோ, கைபேசிக் கடைப் பெயர்ப்பலகை எல்லாம் வைக்க ஆசை வரும். வைக்காதீர்கள்.

இன்னொன்று முகம். மெழுகுக் கோட்டை மெல்லியதாகப் போட நல்ல பழக்கம் வேண்டும், தொடக்கத்தில் எவ்வளவு கவனமாகப் போட்டாலும் மூன்று நாலு மில்லிமீற்றர் வரும். பெருவிரல் நகமளவு முகத்தில் கண்ணும் மூக்கும் வைத்தால் அம்மை போட்டதுபோல் ஆகிவிடும். முகத்தை விடுங்கள். வண்டி இழுப்பவரின் முதுகு எவ்வளவு சாய்கிறது, பின்னால் தள்ளுகிறவரின் கால் எங்கே ஊன்றுகிறது, சேலைத் தலைப்பை ஒரு கை எப்படிப் பிடித்திருக்கிறது, இவற்றை மட்டும் பிடித்தால் ஆள் தெரிவார். தெருவிலும் நமக்குத் தெரிந்தவரைத் தூரத்தில் நடையை வைத்துத்தானே கண்டுபிடிக்கிறோம்?

படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள். மூட்டை சுமக்கிறவர் வேலை நடுவில் நிற்க முடியாது. தேத்தண்ணிக் கடையில் ஓய்ந்திருக்கும்போது கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பக்கம் 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு காவல் கூடுதல். அங்கே கமராவைத் தூக்கிக்கொண்டு சுற்றுவதைவிட ஒரு சின்னக் கொப்பியில் கீறுவது வசதி. கீறினால் வெளிச்சம் எது என்று கண் தானாகவே பிரிக்கவும் பழகும்.

வாங்க வேண்டியவை

துணி முழுக்க முழுக்கப் பருத்தியாக இருக்க வேண்டும். பொப்லின் நல்லது. மிகவும் தடித்தால் மெழுகு மறுபக்கம் ஊடுருவாது, வொயில் போல மெல்லியதானால் கோடு பரவும். புறக்கோட்டையில் பிரதான வீதியிலும் குறுக்குத் தெருக்களிலும் துணிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். "தங்கச்சி, நூறு வீதம் கொட்டன், கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ" என்று ஒரு கடையில் சொன்னார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தேன். மூன்று நாள் வேலைக்குப் பிறகு அலசினால் சிவப்பு முழுவதும் தண்ணீரோடு போய், துணி வெளிறிய ரோஜா நிறத்தில் நின்றது. பாதிக்கு மேல் பொலியெஸ்டர். இப்போது ஓரத்தில் நாலு நூல் உருவி நெருப்பில் காட்டிப் பார்க்கிறேன். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுத்த மணியாக இறுகும். கடைக்குள் நெருப்புப் பெட்டியை எடுக்காதீர்கள், கால் மீற்றர் மாதிரிக்கு வாங்கி வந்து வீட்டில் பாருங்கள்.

மெழுகு இரண்டு வகை வேண்டும். மெழுகுவர்த்தி செய்வோர் வாங்கும் பரபின் மெழுகு மலிவு, ஆனால் நொறுங்கும். தேன்மெழுகு விலை கூட, ஆனால் வளைந்து கொடுத்துத் துணியைப் பிடித்துக்கொள்ளும். முதல் துணிக்குச் சரிபாதியாகக் கலக்குங்கள். வெடிப்புக் கோடுகள் நிறைய வேண்டுமானால் பரபினைக் கூட்டலாம்.

சாயத்தில் வீட்டுக்கு ஏற்றது குளிர்ந்த நீரில் பிடிக்கும் புரோசியன் எம்எக்ஸ் வகை. வெந்நீர்ச் சாயம் என்றால் மெழுகு உருகிப் படமே போய்விடும். சில பட்டறைகளில் நப்தோல் சாயம் பயன்படுத்துவார்கள். நிறம் ஆழமாக வரும். ஆனால் அதற்குக் கோஸ்டிக் சோடா வேண்டும், இரசாயனமும் கடுமை. பிள்ளைகள் ஓடித்திரியும் குசினிக்குள் அது வேண்டவே வேண்டாம். எம்எக்ஸ் வகையில் மஞ்சள், சிவப்பு, கருநீலம் மூன்றும் போதும். அதோடு உப்பும் சலவைச் சோடாவும். சலவைச் சோடாவுக்குப் பதிலாக அப்பச்சோடாவை வாங்கிவிடாதீர்கள். இரண்டும் வெள்ளைத் தூள்தான், ஆனால் அப்பச்சோடாவின் காரம் இந்த வேலைக்குப் போதாது.

மெழுகு போட ஜாண்டிங் என்ற கருவி உண்டு. மரப்பிடியின் நுனியில் மூக்குள்ள சின்னச் செப்புக் கிண்ணம். கிடைக்காவிட்டால் பன்றி மயிர்ப் பிரஷ் இரண்டு, ஒன்று மெலிதாக, ஒன்று அகலமாக. நைலோன் பிரஷ் சூட்டில் சுருண்டுவிடும். பழைய படச்சட்டம் ஒன்று, ஊசி ஆணிகள், றப்பர் கையுறை, முகக்கவசம், பிளாஸ்ரிக் பேசின் இரண்டு, இனிச் சமையலுக்குத் திரும்பாத ஒரு பழைய சட்டி. அவ்வளவுதான்.

துணியைத் தயாராக்குதல்

புதுத் துணியில் கஞ்சி இருக்கும். அதைக் கழற்றாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். சுடுநீரில் ஒரு கரண்டி சலவைச் சோடாவும் சவர்க்காரமும் போட்டுத் துவைத்து, நன்றாக அலசிக் காயவைத்து அயன் பண்ணுங்கள். முதல் துணி 45க்கு 60 சென்ரிமீற்றர் அளவு இருக்கட்டும்.

படத்தை முதலில் டெமி தாளில் கறுப்புப் பேனையால் பெரிதாகக் கீறி, பகலில் யன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் துணியை வைத்து மென்மையான பென்சிலால் தொட்டும் தொடாமலும் பிரதி எடுங்கள். அந்தத் தாளிலேயே ஒவ்வொரு பகுதிக்கும் 1, 2, 3, 4 என்று எண் போட்டுவிடுங்கள். 1 வெள்ளை, 2 மஞ்சள், 3 சிவப்பு, 4 இருட்டு. இந்த எண்கள் இல்லாமல் தொடங்கினால் இரண்டாவது நாள் எந்த மூட்டை எந்த நிறம் என்று துணியைப் பார்த்து முழிக்க வேண்டிவரும். என் அனுபவம்.

மெழுகு

மெழுகுச் சட்டியை நேரே அடுப்பில் வைக்கக் கூடாது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் மெழுகுச் சட்டியை வையுங்கள். மெழுகு 60 பாகை அளவில் உருகத் தொடங்கும், வேலைக்கு 80, 90 பாகை வேண்டும், கொதிநீர் அதற்குப் போதும். வெளிப்பாத்திரத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகுக்குள் ஒரு துளி தண்ணீர் விழுந்தாலும் தெறிக்கும். புகை வந்தால் உடனே அடுப்பை அணையுங்கள். தப்பித்தவறி நெருப்புப் பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியால் மூட வேண்டும். அந்த மூடி கைக்கெட்டும் தூரத்தில் தயாராக இருக்க வேண்டும். மெழுகு அடுப்பில் இருக்கும்போது தொலைபேசி வந்தால் எடுக்காதீர்கள்.

சூடு சரியா என்று துணியே சொல்லும். மெழுகு தொட்ட இடம் எண்ணெய் பட்டதுபோல் ஊடு தெரிய வேண்டும், மறுபக்கமும் அப்படியே தெரிய வேண்டும். மேலே வெள்ளையாகப் படிந்து நின்றால் சூடு போதாது, அதன் அடியால் சாயம் புகுந்துவிடும். வைத்த இடத்திலிருந்து ஓடிப் பரவினால் சூடு அதிகம். வெள்ளவத்தைப் பக்கம் கடற்கரையோரம் இருப்பவர்கள் யன்னலைப் பார்த்து வையுங்கள். நேரே காற்று வந்தால் மெழுகு சட்டியிலிருந்து துணிக்கு வருவதற்குள் இறுகிவிடும். அதற்காக எல்லாவற்றையும் அடைத்துவிட்டு மெழுகுப் புகைக்குள் இருக்கவும் கூடாது. எதிர்ப்பக்க யன்னல் ஒன்றைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துங்கள்.

ஜாண்டிங்கைத் துணிக்குக் கொண்டுபோகும்போது அதன் மூக்கின் கீழ் ஒரு பழந்துணியைப் பிடியுங்கள். கோட்டை மெதுவாக இழுத்தால் குளம் கட்டும், கொஞ்சம் வேகமாக, நிற்காமல் இழுங்கள். தவறான இடத்தில் சொட்டு விழுந்தால் சுரண்ட வேண்டாம், முழுதாகப் போகாது. அதை ஒரு காகமாகவோ பறக்கும் கடதாசியாகவோ மாற்றுங்கள். புறக்கோட்டையில் இரண்டுக்கும் குறைவில்லை.

முதல் சுற்றில் மூடுவது வானம் முழுவதும், பள்ளிவாசலின் வெள்ளைப் பட்டைகள், வெயில் படும் சட்டைத் தோள். மத்தியானக் கொழும்பு வானம் நீலம் அல்ல, வெள்ளைதான். அதனால் நீலச் சாயத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

சாயம்

முகக்கவசத்தோடு சாயத் தூளைக் கரையுங்கள், அது மூச்சோடு உள்ளே போகக் கூடாது. இந்த அளவுத் துணிக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் போதும். மஞ்சளுக்கு அரைத் தேக்கரண்டி தூள், 100 கிராம் உப்பு. துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் நனைத்து, பிறகு சாயத்துக்குள் மடிப்பு விழாமல் இறக்குங்கள். கால் மணி நேரம் மெதுவாகப் புரட்டிவிட்டுத் துணியை வெளியே எடுத்து, 40 கிராம் சலவைச் சோடாவைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, ஆறவிட்டு, சாயத்தில் கலந்து, துணியை மறுபடி போடுங்கள். இன்னும் முக்கால் மணி நேரம். சோடா கலந்த சாயத்தை நாளைக்கு என்று போத்தலில் எடுத்து வைத்துப் பயனில்லை, சில மணி நேரத்தில் அதன் வீரியம் போய்விடும்.

இந்தச் சாயத்துக்குக் கொஞ்சம் வெப்பம் பிடிக்கும். குளிர்நாட்டுக்காரர் இதற்காகப் படும் பாடு நமக்கில்லை, கொழும்பில் குழாய்த் தண்ணீரே போதும்.

பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் மெழுகு இளகும். முழுதாகக் காயாத துணியில் அடுத்த மெழுகு பிடிக்காது. மே மாதம் மழை தொடங்கினால் ஒரு துணி காய ஒரு நாள் முழுவதும் போகும், ஆகவே நாலு நாள் வேலை ஒரு கிழமையாக நீளும்.

நான் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். முதல் தடவை சாயத் துணியைப் பல்கனிக் கொடியில் அப்படியே போட்டுவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். கீழ்மாடி அன்ரி மேலே பார்த்துக் கூப்பிட்டார்: "பிள்ளை, இதென்ன மழை நீலமாப் பெய்யுது?" அவருடைய வெள்ளைச் சேலை, கோயிலுக்குக் கட்டுவது. அன்று பின்னேரமே புதிது வாங்கிக் கொடுத்தேன். கொடியின் கீழே வாளி வையுங்கள், அல்லது குளியலறைக்குள்ளேயே காயவிடுங்கள்.

காய்ந்ததும் இரண்டாம் எண் பகுதிகளை மூடுங்கள். சாக்கு மூட்டைகள், வண்டிப் பலகையில் வெயில் படும் விளிம்பு, இழுப்பவரின் முதுகில் ஒரு மெல்லிய ஒளிக்கோடு. பிறகு சிவப்பு, அதே அளவுகள், தூள் மட்டும் ஒரு தேக்கரண்டி. மஞ்சளின் மேல் விழுவதால் இது செம்மஞ்சளோடு சேர்ந்த சிவப்பாக வரும். பள்ளிவாசலுக்கு அதுவே சரி. அதையும் தொங்கும் சேலைகளையும் மூன்றாம் சுற்றில் மூடுங்கள். மிச்சம் இருப்பது ஆட்களின் உடல், சில்லுகள், கடைக்குள் இருட்டு, தரையில் நிழல். அவை கருநீலத்துக்கு. தூள் இரண்டு தேக்கரண்டி. நீலமாக வருமோ என்று பயப்பட வேண்டாம், செம்மஞ்சளின் மேல் கருநீலம் விழுந்தால் கறுப்பை ஒட்டிய மண்ணிறம் வரும். இதனாலேயே இந்த வரிசையில் தூய நீலமோ பச்சையோ கிடைக்காது. ஒரு பச்சைச் சேலை கட்டாயம் வேண்டுமானால், முதல் மஞ்சளுக்குப் பிறகு அந்த இடத்தில் மட்டும் சோடா கலந்த நீலத்தைப் பிரஷால் தீட்டி, ஈரம் போகாமல் பொலித்தீனால் மூடி இரவு முழுவதும் வைத்து, அலசி, காய்ந்ததும் மெழுகிட்டுவிடுங்கள்.

வெடிப்பு

மெழுகு வெடித்த இடத்தால் சாயம் புகுந்து மயிரிழைக் கோடுகள் விழும். எத்தனை பேர் இதைத் தவறு என்று நினைத்து வருந்துகிறார்களோ, அத்தனை பேர் இதற்காகவே பத்திக் வாங்குகிறார்கள். தெருக் காட்சியில் இதற்கு ஒரு வேலை உண்டு. புறக்கோட்டை வானத்தில் மின்கம்பிகளும் தொலைபேசிக் கம்பிகளும் குறுக்கு மறுக்காக ஓடும். வெள்ளை வானத்தில் கறுத்த கம்பியை மெழுகால் போடுவது பெரும்பாடு, கம்பியின் இரு பக்கமும் மெழுகிட்டு நடுவில் இழையளவு இடம் விட வேண்டும். அதைச் செய்யாதீர்கள். கடைசிச் சாயத்துக்கு முன், வானப் பகுதியை மூலைக்கு மூலை நேராக மடித்து விரலால் அழுத்தி விரியுங்கள். அந்த வெடிப்பில் கருநீலம் இறங்கும்போது கம்பிகள் தானாக வந்துவிடும்.

கொழும்புச் சூட்டில் மெழுகு இளகி, மடித்தாலும் வெடிக்காமல் வளையும். துணியைப் பொலித்தீன் பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் பத்து நிமிடம் வைத்தால் பப்படம்போல் நொறுங்கும். உடல்கள் இருக்கும் பக்கத்தைத் தொடாமல் வானத்தை மட்டும் மடியுங்கள். முதல் சாயத்துக்கு முன்பே மடித்துவிட்டால் வெடிப்புக்குள் மஞ்சளும் புகுந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மெழுகைக் கழற்றுதல்

கடைசிச் சாயத்துக்குப் பிறகு துணியைப் பொலித்தீனில் சுற்றி ஓர் இரவு ஈரமாகவே விடுங்கள், பிறகு பச்சைத் தண்ணீரில் நிறம் வருவது குறையும்வரை அலசிக் காயவையுங்கள். அவசரப்பட்டு நேரே கொதிநீரில் போட்டால் பிடிக்காத கருநீலம் கிளம்பி உங்கள் வெள்ளை வானத்தில் குடியேறும்.

முதலில் அயன். மேலும் கீழும் கடதாசி வைத்து அயன் பண்ண, மெழுகு கடதாசியில் ஊறும். கடதாசியை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பழைய பத்திரிகையை நேரே துணியில் வைக்காதீர்கள், அச்சு மை ஒட்டும். என் மூட்டை ஒன்றின் மேல் ஒரு மரண அறிவித்தலின் பாதி தலைகீழாக இருக்கிறது. துணியைத் தொடும் இடத்தில் வெற்றுத் தாள், அதற்கு வெளியே பத்திரிகை.

மிச்ச மெழுகுக்குப் பெரிய பாத்திரத்தில் சவர்க்காரம் போட்ட தண்ணீரைக் கொதிக்கவைத்து, துணியைக் குச்சியால் அமுக்கி அமுக்கி எடுங்கள். மெழுகு மேலே மிதக்கும். துணியைச் சட்டென்று குளிர்ந்த நீருக்கு மாற்றி, ஒட்டியிருக்கும் துகள்களை உரசிவிடுங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும். அந்தத் தண்ணீரைக் குசினித் தொட்டியில் ஊற்ற வேண்டாம். குழாய்க்குள் போய் மெழுகு இறுகினால், மாடி வீட்டில் உங்களுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள எல்லோருக்கும் தொல்லை. இரவு முழுவதும் ஆறவிட்டால் மெழுகு தட்டாக மேலே இறுகி நிற்கும். எடுத்து உலர்த்தி அடுத்த துணிக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் துளி ஈரமும் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும்.

அப்புறம், மற்றவர்கள் செய்ததையும் போய்ப் பாருங்கள். விகாரமகாதேவிப் பூங்காவுக்கு அருகே ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் ஓவியர்கள் வேலியோரம் படங்களை வைத்து விற்பார்கள். ஆண்டுதோறும் நடக்கும் கலாபொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தையும் 1993 முதல் அந்த வீதியில்தான். அங்கே பத்திக் துணி கண்ணில் பட்டால் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஒரே தெளிவாக இருந்தால் மெழுகிட்டுச் செய்தது. ஒரு பக்கம் மங்கலாக இருந்தால் பெரும்பாலும் அச்சடித்தது.

உங்கள் துணியைச் சுவரில் மாட்டும்போது மேலும் கீழும் மெல்லிய மூங்கில் குச்சி கோர்த்தால் நேராகத் தொங்கும். மேற்கே கடலைப் பார்த்த யன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள், பின்னேர வெயில் முதலில் சிவப்பைத்தான் வெளிற வைக்கும். முதல் இரண்டு மூன்று தடவை தனியாகக் கழுவுங்கள், பச்சைத் தண்ணீரில், மென்மையான சவர்க்காரத்தோடு. காயப்போடும்போது கீழே வாளியும் வேண்டும்.